கதவில் பெயர் வேண்டாம், குழாயில் தண்ணீர் வரட்டும்

மைசூர் மண்டி மொஹல்லாவின் ஆட்டோ இரைச்சலையும் அலைமோதும் ஆள்கூட்டத்தையும் கடந்து இந்த அரங்கத்தில் வந்து அமர்ந்திருக்கும் ஆன்றோரே! நஞ்சன்கூட்டு ரயிலில் நின்றுகொண்டே வந்து, இடம் போதாமல் இங்கும் நின்றுகொண்டிருக்கும் பெற்றோரே! சோதனைக் குழாயில் சுட்டுக்கொண்ட விரல்களோடு கல்லூரி வாசல் கண்ட கண்மணிகளே! சந்தன மாலை சரியாமல் சாய்ந்து வீற்றிருக்கும் மாண்பமை தாளாளர் ரங்கா அவர்களே! பொன்னிக்கரைத் தமிழ்க் கல்விச் சங்கப் பள்ளியின் ஆசிரியரும் அலுவலரும் ஒன்றுகூடி, கைகளைக் கூப்பி, ஆனால் பற்களைக் கடித்துக்கொண்டு, அளிக்கும் மடல் இது. இன்றோடு பணி ஓய்வு பெறும் எங்கள் வேதியியல் ஆசிரியர் பழனாத்தாள் அம்மையாரைப் பற்றியது.

வழக்கப்படி அலுவலகம் ஒரு மடலை அச்சடித்தே கையில் கொடுத்துவிட்டது. சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற கணித ஆசிரியருக்கு வாசித்த அதே மடல். மேலே பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். உள்ளே 'கணிதக் கடலே, பெருக்கலில் பேரரசே, மீசை முறுக்கிய மேதையே' என்பதெல்லாம் அப்படியே இருந்தன. வாழ்நாளையே வேதியியலுக்குக் கொடுத்த பெண்மணி, கடைசி நாளில் மீசை முறுக்கிய மேதை என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டுமாம்! அதை மடித்து ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, நாங்களே எழுத உட்கார்ந்தோம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இத்தகைய மடல்கள் 'அம்மையே, அறிவுச் சுடரே' என்று முகம் பார்த்து விளிக்க வேண்டும். ஆனால் தமிழாசிரியர் சென்னிமலையைப் படிக்கட்டிலேயே மடக்கி அம்மையார் சொல்லிவிட்டார்: "ஏனுங் சென்னிமல, மூஞ்சிக்கு நேரா என்னையப் புகழ்ந்தீங்கன்னு வெய்யுங், நான் எந்திரிச்சு லேபுக்குப் போயிருவனுங். அங்க கழுவ வேண்டிய கண்ணாடிச் சாமானு நெறையக் கெடக்குது." சொன்னதைச் செய்யக்கூடியவர். ஆகவே அவையோரே, அவரைப் பார்க்காமல் உங்களைப் பார்த்து அவரைப் பற்றிச் சொல்கிறோம். புகழ் ஏன் அவருக்குக் கசந்து போயிற்று என்பதையும் சொல்லப் போகிறோம்.

அவர் இனி வரமாட்டார். வயதாயிற்று, போகிறார், அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர் உண்டாக்கிய உயர்நிலை வேதியியல் வகுப்பும் வரும் கல்வியாண்டு முதல் கிடையாது என்று தாளாளர் அறிவித்திருக்கிறாரே, அதுதான் எங்கள் வயிற்றெரிச்சல். அந்த வகுப்பு என்ன, அது எப்படி வந்தது, அதை மூடினால் யார் பிள்ளைக்கு நட்டம் என்பதை ஊரறியச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டோம்.

காவிரிக் கரையை ஒட்டிய காட்டோரக் கோபிநத்தத்தில் பிறந்து, கல்வி ஒன்றையே கைப்பிடியாகக் கொண்டு மைசூர் வந்து சேர்ந்தவர் பழனாத்தாள் அம்மையார். பள்ளியில் வேதியியல் செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண். அந்தப் பெருமையோடு பி.எஸ்சி. சேர்ந்தார். முதல் வாரமே சோதனைக்கூடத்தில் பியூரெட் என்ற நீளக் கண்ணாடிக் குழாயை எதிரில் நிறுத்தி, கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, அளவைப் படிக்கச் சொன்னார்கள். அம்மையாருக்குக் குழாயின் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பாடம் எடுத்தவரும் சேர்ந்து சிரித்தார்.

தெரியாமல் போனதற்குக் காரணம் பல பள்ளிகளில் ஊறிப்போன ஒரு பழக்கம். செய்முறைத் தேர்வன்று காலையில், பியூரெட்டில் என்ன அளவு வர வேண்டும் என்ற எண், அதாவது 'ரீடிங்', உதவியாளர் வாய்வழியாக மேசை மேசையாக நடந்து வரும். பிள்ளைகள் குழாயைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அந்த எண்ணை எழுதுவார்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். எல்லாருக்கும் முழு மதிப்பெண். இதைப் பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரம் என்றே நினைக்கிறார்கள்! அம்மையார் அந்த நாளைச் சொல்லும்போதெல்லாம் சிவந்து போவார். "எனக்கு வெக்கமா இல்லீங், கோவமாத்தான் வந்துச்சு. மார்க்கத் தூக்கிக் குடுத்தவங்க எங் கையில அந்தக் கொழாய ஏனுங் குடுக்கல?" என்பார்.

எங்கள் பள்ளிக்கு வந்த அன்றே அந்தப் பழக்கத்தை அவர் சோதனைக்கூடத்து வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். அதனால் எங்கள் பிள்ளைகளின் செய்முறை மதிப்பெண் சற்றுக் குறைந்தது. பெற்றோர் முணுமுணுத்தார்கள், நிர்வாகம் உறுமியது. அவர் அசையவில்லை.

இப்படியிருக்க, நகரத்துத் தன்னாட்சிக் கல்லூரி ஒன்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பள்ளியிலேயே கல்லூரித் தரத்து உயர்நிலை வேதியியல் படித்து, கல்லூரி ஒப்புக்கொண்ட சோதனைக்கூடத்தில் தன் கையால் சோதனை செய்து தேறி வரும் பிள்ளைக்கு, முதல் பருவ வேதியியல் தாள் கல்லூரியில் கிடையாது. நேரே அடுத்த பருவப் பாடத்துக்குப் போகலாம். மிச்சமாகும் நேரத்தில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பழகலாம், உதவித்தொகையிலும் முன்னுரிமை உண்டு. நகரப் பேருந்தில் பழைய தோழி ஒருத்தி இதைச் சொல்லக் கேட்ட அம்மையார், வீட்டு நிறுத்தத்தில் இறங்காமல் அப்படியே பள்ளிக்குத் திரும்பி வந்து தாளாளர் அறைக்கதவைத் தட்டினார்.

தாளாளர் அவர்கள் தமக்கே உரிய கன்னடம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தாராம். "நோடி மேடம், நம்ம பசங்க பாஸ் ஆனாலே நமக்கு தசரா. அட்வான்ஸ்டு எல்லாம் ஜெயலட்சுமிபுரம் பெரிய வீட்டுப் பசங்களுக்கு. சென்ட்ரிங் வேலைக்காரன் பையன் காலேஜ்ல ஒரு பேப்பர் குறைச்சு என்ன பண்ணப் போறான்? சும்னே எதுக்கு ரிஸ்க்?"

அம்மையாருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கண்ணாடி வளையலை முழங்கை நோக்கி மேலே தள்ளிக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டால் நாங்கள் வழிவிட்டு ஒதுங்கிவிடுவோம். அன்றும் வளையல் மேலே போயிற்று. "அந்தச் சென்ட்ரிங்கு வேலக்காரன் அடிச்ச தூணு மேலதானுங் சார் அந்தக் காலேஜே நிக்குது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பிறகு ஒவ்வோர் ஆண்டும் கேட்டார். ஒவ்வோர் ஆண்டும் 'நெக்ஸ்ட் இயர்' என்ற ஒரே பதில். என்ன ஆயிற்றோ, ஒருநாள் திடீரென்று தாளாளருக்குக் கல்வியின் மேல் காதல் பொங்கிவிட்டது. பக்கத்துப் பேட்டையில் இன்னொரு பள்ளி அதே வகுப்பைக் கேட்டு விண்ணப்பித்துவிட்டதாம்! பொங்கிய காதலும் வெறுங்கையோடுதான் வந்தது. பள்ளி மணிக்கு முன்னால் நடத்திக்கொள்ளுங்கள், சம்பளம் சேராது, இடம் இதுதான் என்று பின்கட்டில் ஒரு அறையைக் காட்டினார். உடைந்த பெஞ்சுகளும் பழைய கன்னட ராஜ்யோத்சவ விழாக் கொடிகளும் கிடந்த அறை. சுவரில் பளபளவென்று ஒரு குழாய் இருந்தது. திறந்தால் காற்று வந்தது. வேதியியல் சோதனைக்கூடத்தில் தண்ணீர் வராத குழாய்! ஆசிட் தெறித்தால் பிள்ளை எதில் கையைக் கழுவும்? கேட்டதற்கு, பார்த்துச் செய்யலாம் என்றார்கள். இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உதவியாளர் சென்னப்பனும் பிள்ளைகளும் அம்மையாரும் விடியலிலேயே வாளியில் தண்ணீர் சுமந்தார்கள்.

வகுப்பு தொடங்கும் முன் பெற்றோர் கூட்டம் நடந்தது. தேவம்மா என்ற கட்டடத் தொழிலாளி, தலைத்துண்டைக் கழற்றாமலே எழுந்து நின்று கேட்டார்: "ஏனுங் மேடம், இதப் படிச்சா எம் புள்ள ரூபாவோட கையில ஆசிட்டு படுமுங்களா?"

"படலாமுங்க. பட்டா எப்புடிக் கழுவோணும்னு மொதல்ல அதத்தான் சொல்லித் தாரனுங்."

"அப்பப் படிக்கட்டுமுங். சிமெண்ட்டுக் கலவையில எங் கையி இத்தன வருசமா வேகுது. ஏன் வேகுதுன்னு எனக்கு ஆரும் சொல்லுல."

அம்மையார் அன்றிரவு தூங்கவில்லை என்று பிறகு சொன்னார். முதல் வகுப்புக்கு அவர் தயாரித்து வைத்திருந்த பாடம் வேறு. அதை ஓரமாக வைத்துவிட்டு, ஈரச் சிமெண்ட்டில் இருக்கும் காரம் தோலை எப்படி அரிக்கிறது என்பதிலிருந்து உயர்நிலை வேதியியலைத் தொடங்கினார். அன்று மாலை ரூபா வீட்டுக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்து அதே பாடத்தை நடத்தினாள். மறுவாரம் தேவம்மா ரப்பர் கையுறை கேட்டு மேஸ்திரியிடம் சண்டை போட்டார். எங்கள் பள்ளியில் எந்தப் பாடம் அதற்குமுன் இப்படி வீடுவரை நடந்து போயிருக்கிறது!

அடுத்தது கல்லூரிக் குழு வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டிய நாள். தாளாளர் அலங்காரத்தில் இறங்கினார். பர்மாங்கனேட் என்று ஒரு கரைசல், ஆழ்ந்த ஊதா நிறம், பார்க்க அழகு. அதைப் பழுப்புப் போத்தலில் இருட்டில் வைக்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 'என்ன கலர் மேடம்! விருந்தாளிங்க பாக்கட்டும்' என்று, அம்மையார் இல்லாத நேரத்தில் அதைத் தெளிந்த கண்ணாடிச் சாடியில் ஊற்றி, வெயில் விழும் சன்னலில் செண்டுமல்லி மாலையோடு வைக்கச் செய்தார். தசரா ஊர்வல ஒத்திகையால் சாலைகள் அடைபட்டுக் குழுவின் வருகை தள்ளிப்போயிற்று. சாடி சன்னலிலேயே நின்று வெயில் குடித்தது. அந்தக் கரைசலுக்கு வெயில் ஆகாது, அதன் வீரியம் குறைந்துவிடும்.

அம்மையார் வந்து பார்த்தார். வளையலை மேலே தள்ளினார். அடியில் படிந்த கசடை வடித்தெடுத்துவிட்டுக் கரைசலை அப்படியே வைத்துக்கொண்டார். "இதோட சக்தி இப்ப எனக்கே தெரியாதுங். ரொம்ப நல்லதாப் போச்சு. ஆருக்கும் தெரியாத கரைசல்தான் நல்ல பரீட்ச," என்று எங்களிடம் சொன்னார்.

குழு வந்தது. தலைவர் பேராசிரியை லக்ஷ்மம்மா, மேலுகோட்டைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தவர், வெள்ளைக் கோட்டோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஆசிரியர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. வெளியே நின்ற அம்மையார், சன்னல் கம்பி வழியே பார்த்தார். சென்னப்பன் கரைசல் ஊற்றும் சாக்கில் மேசை மேசையாகக் குனிந்து பிள்ளைகள் காதில் என்னவோ சொல்லிக்கொண்டு போனார். என்னவென்று கேட்கவே வேண்டாம். முன்வாரம், கரைசல் வெயில் காணும் முன், ஒத்திகையில் வந்த ரீடிங்கை வாங்கி வைத்திருந்த தாளாளர், அதைச் சென்னப்பனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். சம்பளம் தருபவர் சொல்லும்போது சென்னப்பன் என்ன செய்வார்!

அம்மையார் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எந்தப் பழக்கத்தின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாரோ, அது அவர் கண்ணெதிரே உள்ளே உலாவியது. கூப்பிட முடியாது, தடுக்க முடியாது. காதில் சொன்ன எண்ணைப் பிள்ளைகள் எழுதிவிட்டால் எல்லாம் பாழ். எழுதாமல் இருக்கலாமென்றால், நிர்வாகமே சொன்ன எண்ணைத் தள்ளுவதற்குக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் துணிச்சல் எங்கிருந்து வரும்? முதல் மேசையில் ரூபா நின்றாள். அவளுடைய பியூரெட்டில் அளவு, சென்னப்பன் சொன்ன எண்ணைத் தொட்டது. நிறம் மாறவில்லை. ரூபா நிமிர்ந்து சன்னலைப் பார்த்தாள். அம்மையார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பார்த்தால்கூட அது சொல்லிக் கொடுத்ததாகிவிடும் என்று நினைத்தாராம். அந்த நிமிடத்தில் தான் செத்துப் பிழைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ரூபா மறுபடி குனிந்தாள், திருகைத் திறந்தாள், சொட்டுகள் விழுந்தன. சொன்ன எண்ணைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நிறம் மாறி நின்றது. கண்ணால் கண்டதை எழுதினாள். எல்லாரும் அப்படியே எழுதினார்கள்.

விடைகளைப் பார்த்த தாளாளருக்குப் பொறுக்கவில்லை. குழுவின் முன்னாலேயே கத்திவிட்டார்: "என்ன மேடம் இது! ஒருத்தனுக்குக்கூட கரெக்டா வரலையே! மானம் போச்சு!"

லக்ஷ்மம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ரங்கா அவரே, கரெக்ட் எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேராசிரியை புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அதே கரைசலைத் தாமே பியூரெட்டில் ஊற்றிச் சோதனை செய்தார். பிள்ளைகளுக்கு வந்ததே அவருக்கும் வந்தது. "இந்த ரூம்ல விடை முன்னாடியே தெரிஞ்சவர் ஒருத்தர்தான். தப்பும் அவர் ஒருத்தர்தான்," என்று சொல்லி ஒப்புதலில் கையெழுத்திட்டார். அவர் போன பிறகுதான் அம்மையார் பின்கட்டுச் சுவரில் சாய்ந்து அழுதார். சென்னப்பன் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார். அவரை அம்மையார் ஒரு சொல்கூடத் திட்டவில்லை.

வெட்கப்பட வேண்டியவர் வெட்கப்பட்டாரா? மறுவாரம் பள்ளி வாசலில் ஒரு பேனர் ஏறியது. தாளாளர் படம் ஆளுயரத்தில்! 'கல்லூரியில் ஒரு தாள் முழுத் தள்ளுபடி' என்று ஆடி மாதத் துணிக்கடை மாதிரி ஒரு வாசகம்! வகுப்பு அவர் கனவாம், அவர் உழைப்பாம். பழனாத்தாள் என்ற பெயர் அச்சுக்காரர் பெயருக்குப் பக்கத்தில்கூட இல்லை. அந்தப் பேனர் கட்டிய ஆளிடம் சொல்லியிருந்தால் கூடவே குழாயையும் சரிசெய்து போயிருப்பார். அதற்கு யாருக்கும் மனம் வரவில்லை.

அதன் பிறகு ஏறக்குறையப் பத்தாண்டு. அந்தப் பின்கட்டு அறையிலிருந்து போன பிள்ளைகளைச் சொல்ல மடல் போதாது. ரூபா கல்லூரியில் முதல் பருவ வேதியியலைத் தாண்டிப் போனார். மிச்சமான நேரத்தில் லக்ஷ்மம்மாவின் ஆய்வுக்கூடத்தில் வேலை பழகினார். எம்.எஸ்சி. முடித்து, நஞ்சன்கூட்டு மருந்து ஆலையின் தரச் சோதனைப் பிரிவில் இருந்துவிட்டு, இன்று எங்களோடு இதே பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறார். ஆலைத் தொழிலாளியின் மகன் சுரேந்தர், கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் அம்மையாருக்குப் போன் செய்தார்: "மேடம், இங்க பியூரெட்ட எப்படிப் பிடிக்கணும்னு எல்லாரும் எங்கிட்ட கேக்கறாங்க மேடம்." அந்தப் போனை வைத்துவிட்டு அம்மையார் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தம் கையால் காப்பி போட்டுக் கொடுத்தார். தாள் குறைவது ஒரு நன்மைதான், உதவித்தொகையும் நன்மைதான். ஆனால் தன்னைப் பார்த்துச் சிரித்த அந்த வாசலில் தன் பிள்ளைகளைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை என்பதில்தான் அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

இப்போது வருவோம் எங்கள் ஆத்திரத்துக்கு. சென்ற மாத ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார். பின்கட்டுச் சோதனைக்கூடம் காலி செய்யப்படுமாம். ஏசி போட்டு, வரிசையாக நாற்காலி போட்டு, நுழைவுத் தேர்வுப் பயிற்சிக் கூடம் ஆக்குவார்களாம். உயர்நிலை வேதியியல் அம்மையாரோடு நிறைவு பெறுமாம். 'மேடத்துக்கு மரியாதையா' அந்தக் கூடத்துக்குப் பழனாத்தாள் அரங்கம் என்று பெயர் வைத்துக் கதவில் பித்தளை எழுத்துப் பதிப்பார்களாம்! ஒரு கண்ணாடிக் குழாயும் இல்லாத அறைக்கு, கண்ணாடிக் குழாய்க்காகவே வாழ்ந்தவர் பெயர்! வாழும் மனிதருக்குச் சமாதி கட்டுவதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

அம்மையார் எழுந்தார். "எம் பேரு எதுக்குங் சார் கதவு மேல? கொழாயில தண்ணி வந்தாப் போதுமுங். ரூபா இருக்குது, வகுப்ப நடத்திக்கும்."

"அய்யோ மேடம், உங்கள மாதிரி யாராலே முடியும்? நீங்க ஒன் பீஸ். உங்களுக்கப்புறம் அத நடத்தினா உங்களுக்குத்தான் அவமானம்."

கவனியுங்கள் அவையோரே! புகழையே பூட்டாக்கி ஒரு வகுப்பைப் பூட்டிவிட்டார். உங்களைப் போல் யாருமில்லை என்பது எவ்வளவு இனிப்பான சொல்! அந்த இனிப்பில் எத்தனை பிள்ளைகளின் படிப்பைக் கரைத்துவிட்டார்! அம்மையார் தாழ்வாரத்துக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "நான் போறதுல எனக்கு வருத்தமே இல்லீங். ஆனா என்னோட அதுவும் போகுதுன்னா, இத்தன வருசம் நான் கட்டினது வகுப்பில்லீங். எனக்கு நானே போட்டுக்கிட்ட மேடை. அப்படி ஆயிருச்சுன்னு சொல்லிப் போட்டாங்களே." அவர் கண் கலங்கி நாங்கள் இரண்டாவது முறையாகப் பார்த்தோம். அன்றிலிருந்துதான் யார் புகழ்ந்தாலும் எழுந்து போய்விடுகிறார்.

மாண்பமை தாளாளர் அவர்களே! யாரால் முடியும் என்று கேட்டீர்கள். பதில் இந்த மடலின் அடியில் கையெழுத்தாக இருக்கிறது. கல்லூரியிலும் விசாரித்தோம். தகுதியுள்ள ஆசிரியர் இருந்து, இனியாவது சோதனைக்கூடத்துக் குழாயில் தண்ணீர் வந்தால் ஒப்புதல் தொடரும் என்று லக்ஷ்மம்மா சொல்லிவிட்டார். வரும் ஆண்டு வகுப்பில் சேரும் பிள்ளைகளின் பெற்றோர் இதோ எழுந்து நிற்கிறார்கள், எண்ணிக்கொள்ளுங்கள். அந்த அறையிலிருந்து பெஞ்சை வெளியே தூக்க வேண்டுமானால், முதலில் எங்களைத் தூக்க வேண்டியிருக்கும். இந்த மடல் வரவேற்பறைச் சுவருக்குப் போகாது. பித்தளை எழுத்துக்கென்று நீங்கள் அளவெடுத்து வைத்த அதே கதவில் இன்று மாலையே தொங்கும். உள்ளே நுழைபவர் எவரும் இதைப் படித்துவிட்டு நுழையட்டும்.

அம்மா! இந்த ஓரிடத்தில் மட்டும் உங்கள் முகத்துக்கு நேராகப் பேசுகிறோம். புகழ மாட்டோம், பயப்படாதீர்கள். நீங்கள் மிரட்டியபடியே இப்போது எழுந்து லேபுக்குப் போங்கள். கடந்த ஞாயிற்றுக்கிழமை, பள்ளி பூட்டியிருந்தபோது, தேவம்மாவும் இன்னும் சில பெற்றோரும் கம்பியும் கரண்டியும் பைப்புமாக வந்தார்கள். ஊரெல்லாம் கட்டடம் கட்டியவர்களுக்கு ஒரு குழாய் என்ன பெரிய வேலை! யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மேல்தொட்டியிலிருந்து சுவரோரமாகப் புதிய பைப் இறங்கியிருக்கிறது. நாங்கள் யாரும் அதை இன்னும் திறந்து பார்க்கவில்லை. முதலில் நீங்கள் திறக்க வேண்டும் என்று தேவம்மா சொல்லிவிட்டார்.

வளையலை மேலே தள்ளிக்கொண்டு நீங்கள் நெடுங்காலம் நலமாக நடமாட வேண்டும். உங்கள் மூட்டுக்கு வலியும் உங்கள் கோபத்துக்கு ஓய்வும் வராதிருக்கட்டும். வாரம் ஒருமுறை வந்து எங்கள் தவறுகளைத் திட்டிவிட்டுப் போங்கள்.

இங்ஙனம், உங்கள் உடன் பணியாற்றியோர்:

ரூபா, வேதியியல். திங்கள், புதன், வெள்ளி காலை வகுப்பு என்னுடையது.

மதன், இயற்பியல். செவ்வாயும் வியாழனும் கணக்குப் பகுதி என்னுடையது.

சோனியா, உயிரியல். சனிக்கிழமைச் சோதனைகளுக்கு ரூபாவுடன் நிற்பேன்.

சென்னிமலை, தமிழ். கண்ணாடிச் சாமான் கழுவுவேன். வேறெதையும் தொட மாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்.

சென்னப்பன், சோதனைக்கூட உதவியாளர். யார் கொடுத்து அனுப்பினாலும், ரீடிங்கை இனி ஒரு பிள்ளைக்கும் சொல்ல மாட்டேன்.